240 பேர் வேலை செய்யும் பம்ப் உதிரி கம்பெனிக்கு பி.பி.எம். மென்பொருள்: எஞ்சினா, லோ-கோடா, ஈ.ஆர்.பி.யே போதுமா?

பம்ப்செட்_கோவை:
வணக்கமுங்க. பம்ப் உதிரி பண்ற கம்பெனி. 240 பேர், அதுல கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்றவங்க 45 பேர்தான். மிச்சப்பேர் ஷாப் ஃப்ளோர்ல, மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு இண்டெண்ட் (பொருள் வேணும்னு கேட்கிற சீட்டு) போடுவாங்க. கணக்கு டாலிபிரைம்ல, மெயிலுக்கு மைக்ரோசாஃப்ட் 365. காகிதத்திலிருந்து பி.பி.எம்.க்கு (அடுத்து யார் பார்க்கணும்னு வேலையை நகர்த்துற மென்பொருள்) மாத்தணும்னு நினைக்கிறது நாலு வேலை: இண்டெண்ட்டிலிருந்து பி.ஓ. (கொள்முதல் ஆர்டர்) வரைக்கும் (மாசம் சுமார் 350), பில் பாஸ் பண்றது, டிராயிங் மாற்றம் மற்றும் புது பேட்டர்ன் (வார்ப்பு அச்சு) ஒப்புதல், சரக்கைத் திருப்புற ரிஜெக்‌ஷன். ஐ.டி.ல ரெண்டே பேர், ஒருத்தருக்கு ஜாவா தெரியும். எம்.டி. ரெண்டு டெமோ பார்த்துட்டு ரெண்டுமே நல்லாத்தான் இருக்குதுங்கிறார். எதை வெச்சு முடிவு பண்றதுங்க?

ஓட்டவரைபடம்:
டெமோ நல்லாத்தான் இருக்கும். இண்டெண்ட் போடுவாங்க, மேனேஜர் சரின்னு அமுக்குவார், பச்சை டிக் வரும். அந்தப் பாதையை எக்செல்லே தாங்கும். நீங்க கேட்க வேண்டியது வேற: பி.ஓ. போனப்புறம் சப்ளையர் விலை ஏத்தினா? 100 கேட்டு 82 வந்தா? கையெழுத்து போடறவர் மாலை போட்டுட்டு சபரிமலை போயிட்டா?

என் ஓட்டு பி.பி.எம்.என். எஞ்சினுக்கு. வேலை போற பாதையைப் படமா வரையுற தரம்தான் பி.பி.எம்.என்., அந்தப் படத்தை அப்படியே ஓட்டுற மென்பொருள் எஞ்சின். 2.0 தரத்தை ஓ.எம்.ஜி.ங்கிற தர அமைப்பு 2011ல வெளியிட்டது, 2013ல அது ஐ.எஸ்.ஓ./ஐ.ஈ.சி. 19510 ஆச்சு. ஃப்ளோவபிள்ங்கிற திறமூல எஞ்சினை எடுத்துக்கோங்க. அப்பாச்சி 2.0 உரிமம், தலைக்கு இவ்வளவுன்னு பில் கிடையாது, டேட்டா உங்க போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்லயே இருக்கும். இதோட பெரிய பலம் வெர்ஷன். ஒப்புதல் வரம்பை 50,000லிருந்து 25,000க்கு இறக்கினீங்கன்னா, பாதியில நிக்கிற இண்டெண்ட் பழைய படத்துலயே முடியும், புதுசு புதுப்படத்துல ஓடும். வேணும்னா பழசையும் புதுசுக்கு நகர்த்தலாம். ஒரு திருத்தம்: வரம்புத் தொகையைப் படத்துக்குள்ள எழுதாதீங்க, டி.எம்.என். அட்டவணையில (முடிவு விதிகளைத் தனியா வைக்கிற இடம்) வைங்க. இல்லேன்னா ரூபாய் மாறுறப்பல்லாம் படத்தை மறுபடி ஏத்தணும்.

கமுண்டா 7ங்கிற இன்னொரு எஞ்சினை இப்ப யாராவது புதுசா சிபாரிசு பண்ணினா விட்டுடுங்க. அதோட இலவச சமூகப் பதிப்பு 2025 அக்டோபர்ல 7.24ஓட நின்னுபோச்சு. அதிலிருந்து பிரிஞ்ச ஆப்பரேட்டன், சி.ஐ.பி. செவன்னு கிளைகள் ஓடுது, அது தனிக்கதை. கமுண்டா 8ஐ சொந்த சர்வர்ல, நிஜ வேலைக்கு ஓட்ட 8.6லிருந்து கட்டண உரிமம் வேணும்.

மேகம்_மயிலை:
இலவசம்னு சொல்லிட்டு மீதியை முழுங்கிட்டீங்களே சார். 2023ல ஃப்ளோவபிள் 7 வந்தப்பவே திறமூலப் பதிப்புலேர்ந்து படம் வரையுற திரை, டாஸ்க் திரை, நிர்வாகத் திரை எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. கையில மிஞ்சுறது எஞ்சினும் ஏபிஐயும் (வேற மென்பொருள் அதோட பேசுற வாசல்). இண்டெண்ட் ஃபாரம், "எனக்கு வந்த வேலை" பட்டியல், லீவுக்கு மாத்திவிடுறது, மொபைல் திரை, மெயில் இணைப்பு, அத்தனையும் அந்த ஒரு ஜாவா தம்பி தலையில. அவர் வேற வேலைக்குப் போனா?

என் ஓட்டு லோ-கோடுக்கு, அதாவது கோடு அதிகம் எழுதாம கட்டுறதுக்கு. 365 ஏற்கெனவே கையில இருக்கு. ஷேர்பாயிண்ட் லிஸ்ட்ல டேட்டா, பவர் ஆட்டோமேட்ல ஓட்டம் (தானா நடக்கிற படிகள்), டீம்ஸ்ல அப்ரூவல். இதெல்லாம் ஸ்டாண்டர்ட் கனெக்டர் (மென்பொருளை இணைக்கிற துண்டு), கூடுதல் காசு கிடையாது. இண்டெண்ட் ஒப்புதலை ரெண்டு வாரத்துல ஓட விடலாம்.

ஓட்டவரைபடம்:
பவர் ஆட்டோமேட்ல ஒரு ஓட்டத்தோட ஆயுள் 30 நாள். புது பேட்டர்ன் அடிச்சு, சாம்பிள் வார்ப்பு எடுத்து, டைமென்ஷன் ரிப்போர்ட் வந்து, கஸ்டமர் சரி சொல்ல ஆறு வாரம் சாதாரணமா ஆகும். 31ஆம் நாள் வர்ற "சரி"யை வாங்கிக்க அங்க எதுவும் காத்திருக்காது. அதுவும் போக, ஓட்டத்தோட சரித்திரம் 28 நாள்தான் நிக்கும். ஆறு மாசம் கழிச்சு "இந்த ரிவிஷனை யார் விட்டது"ன்னு ஆடிட்ல கேட்டா?

மேகம்_மயிலை:
30 நாள் உண்மை. அதனால யாரும் ஒரே நீள ஓட்டமா கட்டமாட்டாங்க. "சாம்பிள் வந்தாச்சு", "கஸ்டமருக்குப் போயாச்சு"ன்னு நிலையை லிஸ்ட்ல ஒரு பத்தியா வெச்சு, நிலை மாறும்போதெல்லாம் ஒரு குட்டி ஓட்டம் எழுந்து தன் வேலையை முடிச்சுட்டுப் படுத்துடணும். யார், எப்போ, என்ன குறிப்போட சரி சொன்னாங்கங்கறதை அந்த ஓட்டமே தனி லிஸ்ட்ல ஒரு வரியா எழுதி வெச்சா 28 நாள் பிரச்சினையும் போச்சு.

பம்ப்செட், ரெண்டு விஷயத்தை முதல்லயே பண்ணிடுங்க. ஓட்டங்களை யாரோட சொந்த லாகின்லயும் கட்டாதீங்க. அந்த ஆள் வேலையை விட்ட அன்னிக்கு கனெக்‌ஷன் அறுந்து எல்லாம் நிக்கும். பொதுக் கணக்கு ஒண்ணு போட்டு அதுல கட்டுங்க. ரெண்டாவது, ஷேர்பாயிண்ட்ல ஒரு பார்வைக்கு (வியூ) 5,000 வரிசைதான் வரம்பு. மாசம் 350னா பதினஞ்சாவது மாசம் முட்டும். நிலை, தேதி ரெண்டு பத்திக்கும் இப்பவே இண்டெக்ஸ் போட்டுடுங்க.

ஓட்டவரைபடம்:
அப்போ நிலையை லிஸ்ட்ல வெச்சு, சரித்திரத்தையும் கையால எழுதி, நீங்களே ஒரு எஞ்சின் கட்டறீங்க. அதைத்தான் நான் ரெடிமேடா வாங்கச் சொல்றேன். காசையும் பார்த்துடலாம். எஸ்.க்யூ.எல். சர்வரையோ எச்.டி.டி.பி.யையோ தொட்ட நிமிஷம் அது பிரீமியம் கனெக்டர். பட்டியல் விலை ஆளுக்கு மாசம் 15 டாலர். 240 பேருக்கு வருஷம் 43,200 டாலர்.

மேகம்_மயிலை:
240 பேருக்கும் யாரு வாங்கச் சொன்னா? பிராசஸ் லைசென்ஸ்னு ஒண்ணு இருக்கு, மாசம் 150 டாலர், அந்த ஒரு ஓட்டத்தை எத்தனை பேர் வேணும்னாலும் பயன்படுத்தலாம். நாலு ஓட்டத்துக்கு வருஷம் 7,200. டாலியைத் தொடாத ஓட்டத்துக்கு அதுவும் வேண்டாம். நிஜமான இடைஞ்சல் ஷாப் ஃப்ளோர்தான். 365 லாகின் இல்லாதவங்க பொது டேப்லெட்ல இண்டெண்ட் போட்டா யார் போட்டதுன்னு பதிவாகாது. சூப்பர்வைசர் வழியா மட்டும் போடச் சொல்லுங்க. எந்த மென்பொருளா இருந்தாலும் ஒரே பாஸ்வேர்டை நாலு பேர் பகிர ஆரம்பிச்சா ஒப்புதலுக்கே அர்த்தமில்லை.

நாற்பத்தஞ்சு_நாள்:
பில் பாஸ் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. யார் கையெழுத்து என்பதைவிட, கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பதுதான் அங்கே முக்கியம். குறு, சிறு நிறுவனச் சப்ளையருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் உள்ள தேதிக்குள், எப்படியும் 45 நாளுக்கு மிகாமல் பணம் போக வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். 2006ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவன) சட்டத்தின் 15ஆம் பிரிவு இது. தாண்டினால், 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த, 43பி(எச்) என்று அறியப்பட்ட வருமான வரி விதிப்படி, பணம் கொடுத்த வருடத்தில்தான் அந்தச் செலவைக் கழிக்க முடியும். மார்ச் மாதம் தெரியவந்தால் வருமான வரி அந்த வருடமே ஏறிவிடும்.

நாள் எண்ணுவது பில் தேதியிலிருந்து அல்ல, ஒப்புதல் தேதியிலிருந்தும் அல்ல. சரக்கை ஏற்ற நாளிலிருந்து. டெலிவரியான 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் டெலிவரி நாளே ஏற்ற நாள். சொல்லியிருந்தால், சப்ளையர் குறையைத் தீர்த்த நாள். ஆக உங்கள் ரிஜெக்‌ஷன் வேலையும் பில் பாஸ் வேலையும் ஒரே கயிறு. ரிஜெக்‌ஷன் நோட் தேதியோடு சிஸ்டத்திலிருந்தே சப்ளையருக்குப் போக வேண்டும், அந்தத் தேதி பில் பாஸ் திரையில் தெரிய வேண்டும். இரண்டையும் தனித்தனிச் செயலியாகக் கட்டும் எந்த விற்பனையாளரையும் நான் அனுமதிக்கமாட்டேன். சப்ளையர் மாஸ்டரில் உத்யம் எண் (சிறுதொழில் பதிவு எண்), குறு, சிறு, நடுத்தரம் என்ற வகை, ஒப்பந்த நாள்கள் ஆகிய மூன்றும் கட்டாயம். நடுத்தர நிறுவனம் இந்தக் கழிவுக் கணக்கில் வராது என்பதால் வகையைச் சும்மா நிரப்பக் கூடாது.

தாள்_போதும்:
மேடம் சொன்னதுதான் விஷயமே. ஜி.ஆர்.என். (சரக்கு வந்த ரசீது) தேதி வேணும், 82 வந்ததுங்கிற கணக்கு வேணும், போன தடவை வாங்கின ரேட் வேணும். பி.பி.எம். எஞ்சினுக்கு இதெல்லாம் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது "அடுத்து யாரு"ங்கிறது மட்டும்தான். ஸ்டாக்கும் பி.ஓ.வும் குடியிருக்க வீடே இல்லாம வாசலுக்கு வாட்ச்மேன் தேடிட்டிருக்கீங்க.

ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் போடுங்க, ஸ்டாக், கொள்முதல், பில் எல்லாம் ஒரே இடத்துல வர்ற ஈ.ஆர்.பி. மென்பொருள் அது. மெட்டீரியல் ரிக்வெஸ்ட் (உங்க இண்டெண்ட்), பி.ஓ., பர்ச்சேஸ் ரிசீட் (உங்க ஜி.ஆர்.என்.) எல்லாம் ஒண்ணுக்கொண்ணு கோத்தபடி இருக்கு. ஒர்க்ஃப்ளோவும் உள்ளேயே இருக்கு: நிலை, செயல், எந்த ரோல், என்ன நிபந்தனை. தன் இண்டெண்ட்டைத் தானே ஒப்புதல் பண்ண முடியாதபடி தடுக்க ஒரு டிக் பாக்ஸ்தான்.

ஓட்டவரைபடம்:
அந்த ஒர்க்ஃப்ளோ ஒரு நேரத்துல ஒரே நிலையிலதான் நிக்கும். டிராயிங் மாற்றத்துக்கு டிசைன், குவாலிட்டி, புரொடக்‌ஷன் மூணு பேரும் ஒரே சமயம் பார்க்கணும்னா வழி இல்லை. 48 மணி நேரத்துல பார்க்கலேன்னா மேல அனுப்புங்கற டைமரும் இல்லை. சப்மிட் ஆன பி.ஓ.வை ரத்து பண்ணி அமெண்ட் பண்ணினா நம்பர் பின்னாடி "-1" ஒட்டும். சப்ளையர் பில்லுல பழைய நம்பர் இருக்கும், கேட்டுல வண்டி நிக்கும்.

தாள்_போதும்:
நினைவூட்டலுக்கு நோட்டிஃபிகேஷன்ல "இத்தனை நாள் கழிச்சு"ன்னு போட இடம் இருக்கு. "-1" பத்தி ஒரு தடவை சப்ளையருக்கும் செக்யூரிட்டிக்கும் சொல்லி வெச்சா பழகிக்குவாங்க. மூணு பேர் ஒரே சமயம் பார்க்கிறது டிராயிங்குக்கு மட்டும்தான் வேணும். அது மாசத்துக்கு எத்தனை வரும்? பத்தா? அந்தப் பத்துக்காக மிச்ச 350ஐயும் எஞ்சின்ல ஏத்தணுமா?

உங்க டைமருக்கு ஒண்ணு கேட்கிறேன். பி.பி.எம்.என்.ல "பி.டி.48எச்"னு போட்டா அது வெறும் மணிக்கணக்கு. சனிக்கிழமை சாயங்காலம் போட்ட இண்டெண்ட்டுக்கு ஞாயிறையும் சேர்த்து எண்ணும். பொங்கலுக்கு நாலு நாள் கேட் பூட்டினா, திறக்கிறப்ப எம்.டி. பெட்டியில எல்லா இண்டெண்ட்டும் குவிஞ்சு கிடக்கும். பண்டிகை நாள்காட்டி எஞ்சினோட வருதா?

ஓட்டவரைபடம்:
வராது. விடுமுறை அட்டவணை ஒண்ணு வெச்சு, கெடு தேதியை நாமளே கணக்குப் போட்டு டைமருக்குக் கொடுக்கணும். சின்ன வேலைதான், ஆனா எல்லாரும் மறக்கிற வேலை. எஞ்சின் எடுக்கிறவங்க இன்னொண்ணும் பார்த்துக்கோங்க: இணையா மூணு கிளை பிரிச்சுட்டு, சேருற இடத்துல கூட்டல் குறிக்குப் (எல்லாக் கிளையும் வர்றவரை காத்திருக்கும்) பதிலா பெருக்கல் குறி (வந்ததை வந்தபடி விட்டுடும்) போட்ட கேட்வே வெச்சா, அடுத்த படி மூணு தடவை ஓடும். ரிவிஷன் லெட்டர் மூணு போகும். உல்டாவா, ஒரே ஒரு பாதையைத் தேர்ந்தெடுக்கிற இடத்துல பிரிச்சு கூட்டல் குறியில சேர்த்தா, வராத கிளைக்காகக் கடைசிவரைக்கும் காத்துக் கிடக்கும். பிழைச்செய்தி எதுவும் வராது.

பம்ப்செட்_கோவை:
நன்றிங்க. டாலியோட சேர்க்கிறதுக்கு எல்லா விற்பனையாளரும் "இண்டக்ரேஷன் இருக்கு"ங்கிறாங்க. அதை எப்படிங்க சோதிக்கறது?

நாற்பத்தஞ்சு_நாள்:
எந்த வழி என்று கேளுங்கள். பெரும்பாலும் டாலியின் 9000 போர்ட்டில் (டேட்டா நுழையும் வாசல் எண்) எக்ஸ்.எம்.எல். வடிவில் டேட்டாவை அனுப்புவதுதான். அதற்கு ஒரு கணினியில் டாலி திறந்து, அந்தக் கம்பெனி லோடாகி இருக்க வேண்டும். இரவு அதை மூடிவிட்டால் எதுவும் போகாது. லெட்ஜரைப் பெயரால்தான் அது அடையாளம் காணும். அக்கவுண்டன்ட் ஒருவர் சப்ளையர் பெயரில் ஒரு புள்ளியைச் சேர்த்தால்கூட அடுத்த பில் ஏறாது. எடிட் லாகில் (டாலியின் மாற்றத் தடத்தில்) பதிவாவது திறந்து வைத்திருப்பவரின் பயனர் பெயர், பில்லை ஒப்புதல் செய்தவரின் பெயர் அல்ல. 2023 ஏப்ரல் முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் மாற்றத் தடம் கட்டாயம் என்பதால் ஆடிட்டர் இதைக் கேட்பார். வவுச்சரின் நரேஷனில் (குறிப்பு வரியில்) ஒப்புதல் எண்ணும் பெயரும் சேர்ந்து விழும்படி எழுதச் சொல்லுங்கள்.

ஓட்டவரைபடம்:
கூடவே ஒண்ணு. தப்பு நடந்தாலும் டாலி எச்.டி.டி.பி. 200, அதாவது "சரி"ன்னுதான் பதில் தரும். உள்ள இருக்கிற எக்ஸ்.எம்.எல்.ல எத்தனை உருவாச்சு, எத்தனை பிழைன்னு எண்ணிக்கை இருக்கும். அதைப் படிக்காத இண்டக்ரேஷன் எல்லாத்தையும் வெற்றின்னே காட்டும். அடுத்தது மறுமுயற்சி. ஃப்ளோவபிள்ல இயல்பா மூணு தடவை. டாலி வவுச்சரை ஏத்திட்டு பதில் வர்றதுக்குள்ள நெட் அறுந்தா, எஞ்சின் மறுபடி அனுப்பும், ஒரே பில் ரெண்டு தடவை ஏறும். அனுப்பறதுக்கு முன்னாடி அந்தப் பில் நம்பர் அங்க இருக்கான்னு கேட்கணும். விற்பனையாளர் முன்னாடி நெட் ஒயரைப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்க, அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும்.

மேகம்_மயிலை:
இதுல மட்டும் சாரோட ஒத்துப்போறேன். பவர் ஆட்டோமேட்லயும் இதே கூத்துதான்.

பம்ப்செட்_கோவை:
எல்லாம் படிச்சேன். இண்டெண்ட், ஜி.ஆர்.என்., ரிஜெக்‌ஷன், பில் நாலும் ஒரே இடத்துல இருக்கணும்ங்கிறது புரிஞ்சுது. அதுக்கு ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட், கணக்கு மட்டும் டாலில. டிராயிங் மட்டும் 365ல போட்டுப் பார்க்கலாம்னு இருக்கோம். ஜோஹோ கிரியேட்டர், கிஸ்ஃப்ளோன்னு லோ-கோடு மென்பொருள் ரெண்டுக்கும் சென்னையில ஆள் இருக்காங்கன்னு எம்.டி. அதையும் கேட்கச் சொல்றார்.

தாள்_போதும்:
கேளுங்க, தப்பில்லை. ஆனா அவங்க ஸ்லைடுல ஓட்டாதீங்க. போன காலாண்டோட காகித ஃபைல்லேர்ந்து 30 இண்டெண்ட் எடுங்க. அதுல அஞ்சு நல்லா கெட்டுப்போனதா இருக்கணும்: பாதி டெலிவரி, நடுவுல விலை மாறினது, ரத்தானது, ஒரே சப்ளையருக்கு ரெண்டு பி.ஓ., எம்.டி. வாயால சொல்லி வாங்கிட்டு அப்புறம் காகிதம் போட்டது. உங்க ஆளே உட்கார்ந்து அந்த முப்பதையும் ஏத்தட்டும். கடைசி வகையை நேர்மையா ஏத்த எந்த மென்பொருள்ல வழி இருக்குன்னு பாருங்க. "அவசரக் கொள்முதல், பிந்தைய ஒப்புதல்"னு வெளிப்படையா ஒரு பாதை இல்லேன்னா, ஜனங்க முன்தேதி போட ஆரம்பிச்சுடுவாங்க.

மேகம்_மயிலை:
பேசும்போது மூணு கேள்வி: குறைந்தபட்ச யூசர் எண்ணிக்கை எத்தனை, ஏபிஐ அழைப்புக்கு நாள் வரம்பு எவ்வளவு, வெளியேறினா என்ன கிடைக்கும். கடைசிக்கு "சி.எஸ்.வி. தருவோம்"னுதான் சொல்வாங்க. இணைப்புக் கோப்புகளும் ஒப்புதல் சரித்திரமும் அதுல வருமான்னு ஒரு இண்டெண்ட்டை எக்ஸ்போர்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்க.

ஓட்டவரைபடம்:
பி.பி.எம்.என். எக்ஸ்போர்ட் இருக்குன்னு சொன்னாலும் மயங்காதீங்க, இதை எஞ்சின் கட்சிக்காரனா இருந்தே சொல்றேன். படம் போகும், ஃபாரம், ஸ்கிரிப்ட், கனெக்டர் எதுவும் கூட வராது. டிராயிங் விஷயத்துல மட்டும் என் கருத்து மாறலை. ஆறு வார வேலையை 30 நாள் கருவியில கட்டறீங்க. மேகம் சொன்ன அந்த நிலைப் பத்தியையும் சரித்திர லிஸ்ட்டையும் முதல் நாளே போட்டுட்டு அப்புறம் ஓட்டத்தைத் தொடுங்க.