அப்ஸ்டென்ஷன்: ‘நடுநிலை’ வேண்டாம், ‘வாக்குத் தவிர்ப்பு’ எனலாமா?

அன்புடையீர், வணக்கம்.

வாக்கெடுப்பில் ஆதரித்தோ எதிர்த்தோ வாக்களிக்காமல் இருப்பதைக் குறிக்கும் அப்ஸ்டென்ஷன் (abstention) என்பதற்கு இவ்விழையில் முன்மொழியப்பட்ட ‘நடுநிலை வகித்தல்’ நாளிதழ்களில் நெடுங்காலமாகப் புழங்கும் தொடர்தான். ஆயினும் அதைக் கலைச்சொல்லாக ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அரசமைப்பின் 100ஆவது பிரிவின்படி, அவைக்கு வந்து வாக்களித்தவர்களுள் பெரும்பான்மையினரின் விருப்பமே முடிவாகிறது. ஆகவே வாக்களிக்காமல் இருக்கும் ஒவ்வொருவரும் வெற்றிக்கு வேண்டிய எண்ணிக்கையைக் குறைக்கிறார். ஓர் அரசு நிலைப்பதா வீழ்வதா என்னும் வாக்கெடுப்பில் அதன் பயன் ஏதேனும் ஒரு தரப்புக்குப் போய்ச் சேர்ந்தே தீரும்.

1999 ஏப்ரல் 17 அன்று நடந்ததை நினைத்துப் பாருங்கள். அதிமுக ஆதரவை விலக்கிக்கொண்ட நிலையில், குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் கேட்டுக்கொண்டதற்கிணங்க வாஜ்பாய் நம்பிக்கை கோரினார். 269க்கு 270 என்று ஒரே வாக்கில் அவரது அரசு கவிழ்ந்தது. ஒரிசா முதல்வராகிவிட்ட கிரிதர் கமாங் மக்களவை உறுப்பினராகவும் நீடித்து வாக்களித்தது முறையா என்று இன்றும் வாதிடுகிறோம். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பகுஜன் சமாஜ் கட்சியின் ஐந்து வாக்குகள். அக்கட்சி வாக்களிக்காமல் ஒதுங்கியிருக்கும் என்றே ஆளுந்தரப்பு நம்பியிருந்தது. அவர்களோ அரசுக்கு எதிராக வாக்களித்தார்கள். ஒதுங்கியிருந்தால் 269க்கு 265 என்று அரசு பிழைத்திருக்கும். ஓர் அரசையே காப்பாற்றியிருக்கக்கூடிய அச்செயலுக்கு ‘நடுநிலை’ என்று பெயரிடுவது வாக்காளருக்குச் செய்யும் அநீதி என்பது என் உறுதியான கருத்து.

‘புறக்கணிப்பு’ பாய்காட்டுக்கு உரியது. ‘வெளிநடப்பு’ எழுந்து வெளியேறுவதை மட்டுமே குறிக்கும். ‘வாக்கொழிவு’ பெயர்ச்சொல்லாக நன்றாக இருந்தாலும் ‘வாக்கொழிந்தார்’ என்று வினையாக்கும்போது காதுக்கு உவக்கவில்லை. ‘வாக்கு விலகல்’ என்பதில் ‘விலகினார்’ என்றதும் பதவி விலகலே முதலில் நினைவுக்கு வருகிறது. மக்களவையில் மின்னணு முறையில் வாக்களிக்கும்போது ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு, இரண்டும் இல்லையெனில் மஞ்சள் என மூன்று பொத்தான்கள் இருக்கின்றன. இருக்கையில் அமர்ந்து மஞ்சளை அழுத்துபவர் தம் முடிவைப் பதிவு செய்கிறார். அதற்கு அவர் பொறுப்பேற்கவும் வேண்டும். அந்த விருப்பச் செயலை ‘வாக்குத் தவிர்ப்பு’ என்றும், ‘வாக்கைத் தவிர்த்தார்’ என்றும் சொல்லலாம் என்பது என் முன்மொழிவு. ‘தவிர்’ என்னும் வினையில் செய்பவரின் எண்ணம் தெரிகிறது.

வராதவர், வெளியேறியவர், மஞ்சளை அழுத்தியவர் ஆகிய மூவரையும் சேர்த்துச் சொல்ல ‘வாக்களியாமை’ என்ற பொதுச்சொல் இருக்கட்டும். கட்சித்தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணையை மொழிபெயர்க்கையில் இப்பொதுச்சொல்லையே ஆள வேண்டும். கொறடாவின் உத்தரவை மீறி எதிர்த்து வாக்களிப்பவரைப் போலவே வாக்களியாதவரும் பதவியை இழக்கலாம் என்கிறது அந்த அட்டவணை. குறுகிய சொல்லை இட்டால், வீட்டிலேயே இருந்துவிட்டவர் தப்பிவிட்டதாகப் படிப்பவர் எண்ணக்கூடும்.

இந்த வேறுபாட்டைச் சொல்லாராய்ச்சியாக மட்டும் கருதிவிட வேண்டாம். 1993இல் நரசிம்ம ராவ் அரசு 251க்கு 265 என்ற கணக்கில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைத் தோற்கடித்ததில் எழுந்த கையூட்டு வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் 1998ஆம் ஆண்டுத் தீர்ப்பு, பணம் பெற்று வாக்களித்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட உறுப்பினர்களுக்கு வழக்கிலிருந்து விலக்களித்தது. வாக்களிக்காத ஒருவருக்கு மட்டும் அதை மறுத்தது. வாக்களியாமை என்ற ஒன்றை வைத்தே ஒருவரின் சட்ட நிலை மாறியது. பணம் பெற்று வாக்களித்தவருக்கும் அவ்விலக்கு கிடையாது என்று 2024 மார்ச்சில் ஏழு நீதிபதிகள் அமர்வு கூறியபோது நான் பெரிதும் நிம்மதியடைந்தேன்.

‘வாக்குத் தவிர்ப்பு’ முடிவுப் பட்டியலில் தலைப்பாக நிற்குமா, அல்லது ‘தவிர்த்தோர்’ என்று சுருக்கலாமா? ஆதரித்தோர், எதிர்த்தோர், தவிர்த்தோர் என்ற வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் ஒரு முழு வாக்கியத்தில் தங்கள் சொல்லை ஆண்டு காட்டினால் ஒப்பிட எளிதாக இருக்கும்.