உதவி: மணாலி-லே வழியில் ஜிஸ்பாவில் டென்ட் போட்டிருக்கிறோம், சாமான்களை எப்படி மாற்றி அடுக்குவது?

லே_நோக்கி:
மணாலியிலிருந்து லேவுக்கு சைக்கிளில் போய்க்கொண்டிருக்கிறோம். ரோதாங் கணவாய் இறங்கும்போது வண்டி பயங்கரமாக உதறியது. வேகம் கூடக் கூட ஹேண்டில் தானாக இடமும் வலமும் ஆடுகிறது. இப்போது எல்லாச் சாமானையும் தார்ப்பாயில் கொட்டி வைத்திருக்கிறேன். எதை எங்கே வைத்தால் உதறல் நிற்கும்? காலையில் பாராலாச்சா லா கணவாய்ப் பக்கம் கிளம்ப வேண்டும். சிக்னல் விட்டு விட்டுத்தான் வருகிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.

கோவை_மிதி:
என்ன வண்டி? மொத்தம் எத்தனை கிலோ? முன்னால் கேரியர் இருக்கிறதா? இதெல்லாம் தெரியாமல் எப்படிச் சொல்வது நண்பா?

ஸ்போக்_மணி:
ஹெட்செட்தான் (ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பேரிங்), சந்தேகமே வேண்டாம். முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கழுத்துப் பகுதியில் டக் டக் என்று ஆடினால் தளர்ந்திருக்கிறது. ஆலன் கீ போதும், ஐந்து நிமிட வேலை.

பழைய_சக்கரம்:
இதே கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்துவிட்டது, தேடிப் பார்த்திருக்கலாம். முழுச் சாமானையும் ஏற்றிக்கொண்டு ஏற்காடு ஒருமுறை ஏறி இறங்கிவிட்டுக் கிளம்புங்கள் என்று எப்போதும் சொல்கிறேன், யார் கேட்கிறார்கள்? சரி. கனமானது கீழே, சக்கர அச்சுக்குப் பக்கத்தில். லேசானது மேலே. பின் அச்சுக்குப் பின்னால் எடை தொங்கினால் எந்த வண்டியும் உதறும்.

லே_நோக்கி:
எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்), முன்னால் சஸ்பென்ஷன். பின்னால் கேரியரின் இரு பக்கமும் தொங்கும் இரண்டு பேனியர் பை, அதற்கு மேல் டென்ட், அதற்கும் மேல் அரிசிப் பையும் அடுப்பும். முன்னால் ஒன்றும் இல்லை. எடை தெரியவில்லை. ஹெட்செட் பார்த்தேன், ஆட்டம் இல்லை.

கோவை_மிதி:
கேரியரை எதில் மாட்டியிருக்கிறீர்கள்? சைக்கிள் சட்டத்தில் (ஃபிரேமில்) போல்ட் போட்டா, சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்டில் கவ்வ வைத்தா? இதுதான் முக்கியம்.

தாபா_தோழன்:
அரிசியும் அடுப்பும் எதற்குத் தம்பி? வழியில் பரத்பூர், சர்ச்சு, பாங் எங்கும் பாராசூட் கூடாரத்தில் தாபா இருக்கிறது. ராஜ்மா சாவல், மேகி, படுக்கக் கட்டில். அடுப்பை இறக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ரசப்பொடி:
அது சீசனில். செப்டம்பர் பாதிக்கு மேல் தாபாக்கள் ஒவ்வொன்றாகக் கூடாரத்தைச் சுருட்டிவிடும். லாச்சுலுங் லா கணவாய்க்கு முன்னால் செயின் அறுந்து நின்றால் ராஜ்மா யார் கொண்டுவருவார்கள்? அந்தக் குளிரில் ஒரு டம்ளர் சூடான ரசம் என்ன செய்யும் என்று குடித்தவருக்குத்தான் தெரியும். அடுப்பை விடாதீர்கள்.

தாபா_தோழன்:
லாரி ஓடும் சாலை அது. கை காட்டினால் நிறுத்துவார்கள்.

ரசப்பொடி:
பனி கொட்டி சாலை மூடினால் லாரியும் வராது அண்ணா.

பழைய_சக்கரம்:
இந்த இழையின் கேள்வி அடுப்பைப் பற்றியது அல்ல. சீட் போஸ்ட் கேரியர் என்றால் பெரும்பாலும் 9, 10 கிலோதான் தாங்கும், அதிலேயே பொறித்திருக்கும். பேனியர் மாட்டினால் பக்கவாட்டில் ஊசலாடும், அந்த ஊசல் அப்படியே ஹேண்டிலுக்கு வரும். முன் சக்கரத்தைப் பிடிக்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க்கில் பெரும்பாலும் கேரியர் மாட்டத் துளை இருக்காது. அதனால் ஹேண்டிலுக்கு முன்னால் ஸ்லீப்பிங் பேக், துணி மட்டும். கருவிகள், தண்ணீர், பூட்டு எல்லாம் சட்டத்தின் முக்கோணத்துக்குள். டென்ட் கம்பியைச் சட்டத்தின் மேல் கம்பியோடு சேர்த்துக் கட்டு. உதறல் வந்தால் ஹேண்டிலை முறுக்கிப் பிடிக்காதே, மேல் கம்பியில் முழங்காலை அழுத்து. தானாக அடங்கும்.

நீலமலை:
இரண்டு விஷயம். அடுத்து வரும் தார்ச்சாவுக்கு மேலே பனி உருகி ஓடைகள் சாலையைக் கடக்கும், மதியத்துக்கு மேல் தண்ணீர் ஏறும். தாழ்வாகத் தொங்கும் பையில் இருப்பதை பிளாஸ்டிக் உறையில் கட்டுங்கள். அப்புறம், ஜிஸ்பா ஏறத்தாழ 3,200 மீட்டர், பாராலாச்சா 4,890. ரோதாங் ஏறி இறங்கிவிட்டதால் உடம்பு பழகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒரு நாள் கூடத் தங்குங்கள், அடுக்குவதற்கும் நேரம் கிடைக்கும்.

ஸ்போக்_மணி:
இருந்தாலும் ஹெட்செட்டை இன்னொரு முறை பார்க்கச் சொல்கிறேன்.

லே_நோக்கி:
சீட் போஸ்ட் கேரியர்தான். பழைய_சக்கரம் சொன்னபடி அடுக்கிவிட்டு கேம்ப்புக்கு வெளியே சரிவில் ஓட்டிப் பார்த்தேன், உதறல் நன்றாகக் குறைந்துவிட்டது. அரிசியை கேம்ப் சமையல்காரரிடம் கொடுத்துவிட்டோம், அடுப்பு கூட வருகிறது. நாளையும் இங்கேதான். எல்லோருக்கும் நன்றி.

கோவை_மிதி:
கேரியரில் எத்தனை கிலோ என்று பொறித்திருக்கிறது? கவ்வும் போல்ட்டைத் தினமும் காலையில் இறுக்குங்கள். பாராலாச்சாவிலிருந்து சர்ச்சு வரை நீண்ட இறக்கம்.

தாபா_தோழன்:
அரிசி இல்லாமல் அடுப்பு மட்டும் எதற்கு?

ரசப்பொடி:
ரசத்துக்கு.