சாண்ட் வெட்ஜ் வாங்க உதவி வேண்டும்: 10 பவுன்ஸா, 14-ஆ?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. கோலாலம்பூர் புக்கிட் கியாரா பக்கம் கோல்ஃப் ஆடுபவர்கள் இருந்தால் கொஞ்சம் வழி சொல்லுங்கள். 56 டிகிரி சாண்ட் வெட்ஜ் (மணல் குழியிலிருந்து பந்தை உயர்த்தி அடிக்கும் மட்டை) ஒன்று வாங்கப் போகிறேன், ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறைந்தால் நல்லது) 22.

சாயங்கால மழை விட்டதும் தரை கொழகொழவென்று ஆகிவிடுகிறது. கவ் கிராஸும் (அகல இலைப் புல்) வெட்ஜைப் பிடித்து இழுக்கிறது. பவுன்ஸ் (வெட்ஜின் அடிப்பாகம் தரையோடு காட்டும் கோணம், டிகிரியில்) கூடினால் அடிப்பாகம் மண்ணில் புதையாமல் வழுக்கிப் போகும் என்பதால் என் மனசு 14-இல் நிற்கிறது. ஆனால் வெயிலில் இறுகிய இடத்தில் அதே வெட்ஜ் தரையில் பட்டு எகிறி, பந்தின் வயிற்றில் அடித்துவிடுமே? ஒரே வெட்ஜால் இரண்டையும் சமாளிப்பவர்கள் எந்த பவுன்ஸ் வைத்திருக்கிறீர்கள்?

அடுத்தது கிரிப், அதாவது மட்டையின் கைப்பிடி உறை. நூல் கலந்த கிரிப் நம்ம ஊர்ப் புழுக்கத்திலும் வழுக்காது, ஆனால் உள்ளங்கை காய்த்துப்போகிறது. மேல் பாதி மட்டும் நூல் கலந்த வகையைப் போட்டவர்கள், எத்தனை மாதம் தாங்கியது?

பயிற்சிச் சாமான்களில் இரண்டு அலைன்மென்ட் ஸ்டிக்குக்கு (குறியின் திசையைக் காட்டத் தரையில் வைக்கும் மெல்லிய குச்சி) மேல் எதுவும் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. பாதமும் தோளும் எங்கே பார்க்கின்றன என்பதை அது உடனே காட்டிவிடும். ஆட்டத்தின் நடுவே மட்டும் அதை வைத்து ஸ்விங் பழகக் கூடாது, கோல்ஃப் விதி 4.3-இன்படி தண்டனை உண்டு.

வெட்ஜுக்கு 400 ரிங்கிட் வரை ஒதுக்கியிருக்கிறேன். பழையது என்றாலும் சரி, முகத்தில் கோடுகள் தேயாமல் இருந்தால் போதும். கோலாலம்பூரில் நம்பி வாங்கக்கூடிய கடை தெரிந்தால் சொல்லுங்கள்.