சென்னையில அறிவியல் மையத்துக்கு பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போறம், என்ன மாதிரிப் பாக்கிறது?

கிளிநொச்சி அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். மாமிக்கு கண் காட்ட அடுத்த மாசம் பலாலியால சென்னை போறம், ரெண்டு பிள்ளையளும் வருகினம், மூத்தவன் தரம் 7, சின்னவள் தரம் 3. ஆஸ்பத்திரி அலுவலுக்கு இடையில ஒரு நாள் மிஞ்சுது, அதைப் புடவைக்கடையில போக்க எனக்கு விருப்பமில்லை. கோட்டூர்புரத்தில இருக்கிற பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்துக்கு போவமோ எண்டு யோசிக்கிறன். முந்தி ஒரு கண்காட்சிக்கு கூட்டிக்கொண்டு போன இடத்தில தொடாத, தள்ளி நில் எண்டு பேசிப் பேசியே சின்னவளை அழ வச்சுப்போட்டினம், அதுக்குப் பிறகு அவள் எதையும் கிட்டப் போய்ப் பாக்கவே பயப்பிடுறாள். ஒரு நாள் காணுமோ? மாமியால கனக்க நடக்கவும் ஏலாது.

வவுனியாக்காரி:
தங்கச்சி கட்டாயம் போங்கோ. பிர்லா கோளரங்கமும் அதே வளவுக்குள்ள தான், 1988 இல திறந்தது, தமிழிலயும் காட்சி போடுவினம். ஆனா உள்ளுக்க போன உடன தமிழ்க் காட்சி எத்தினை மணிக்கு எண்டு கேட்டு அதுக்கு ரிக்கெற்றை எடுத்துப்போட்டு பேந்து மற்ற மண்டபங்களைப் பாருங்கோ, நாங்கள் மாறிச் செய்து கடைசியில இங்கிலிசுக் காட்சி தான் கிடைச்சது, பிள்ளையளுக்கு பாதி விளங்கேல்லை. மாமியை வெளியில இருத்திப்போட்டுப் போயிடாதேங்கோ. கதிரையில சாஞ்சுகொண்டு மேல பாக்கிறது தானே, நடை இல்லை. எங்கட அம்மா இருட்டுக்குள்ள என்ர கையைப் பிடிச்சு, பண்டிக் காவலுக்கு வயலுக்க கிடக்கேக்க பாத்த வெள்ளியள் எல்லாம் அப்பிடியே கிடக்குதடி எண்டு சொன்னவ, அது எனக்கு இண்டைக்கும் நெஞ்சுக்க நிக்குது. பக்கத்தில அண்ணா நூற்றாண்டு நூலகம், அதில சின்னப்பிள்ளையளுக்கெண்டு தனிப்பகுதி இருக்கு, களைச்சால் அங்க போய் இருக்கலாம்.

முல்லைத்தீவு வாத்தி:
நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறன், ஒண்டே ஒண்டு கேக்கிறன் தங்கச்சி, எல்லாத்தையும் பாத்து முடிக்கோணும் எண்டு ஓடாதேங்கோ. பிள்ளை ஒரு சாமானில அரை மணித்தியாலம் நிண்டால் நிக்கட்டும். பக்கத்தில நிண்டு விளக்கம் சொல்லவும் வேண்டாம், என்ன நடக்குமெண்டு நினைக்கிறாய் எண்டு மட்டும் கேட்டுப்போட்டு பேசாமல் இருங்கோ. 1969 இல சான் பிரான்சிஸ்கோவில பிராங்க் ஓப்பன்ஹைமர் எக்ஸ்புளோரட்டோரியம் எண்டு தொடங்கினதே இதுக்குத் தான், பாக்க வாறவை தாங்களே பிடிச்சு ஆட்டிச் சுத்திப் பாத்துக் கண்டுபிடிக்கோணும் எண்டு.

போக முதல் வீட்டில கொஞ்சம் செய்யுங்கோ. துலாக் கிணறு எங்கயும் கிடந்தால் காட்டுங்கோ, அது முழு நெம்பு, அடியில கட்டின பாரம் தான் வாளியைத் தூக்குது. கிணத்துக் கப்பி பாரத்தைக் குறைக்காது, இழுக்கிற திசையைத் தான் மாத்தும். வாளியோட சேந்து மேல வாற கப்பி ஒண்டைப் போட்டால் அரைவாசி விசை காணும், ஆனா ரெண்டு மடங்கு கயிறு இழுக்கோணும். இதைக் கையால செய்து பாத்த பிள்ளைக்கு அங்க கப்பியைக் கண்ட உடன கை தானாப் போகும். இன்னொண்டு, தகரக் கொட்டிலுக்க ஆணி ஓட்டையால விழுற வெளிச்சம் ஓட்டை எந்த வடிவெண்டாலும் நிலத்தில வட்டமா விழும், அது சூரியன்ர படம். 2019 டிசம்பர் 26 வளையக் கிரகணம் வடக்கால போகேக்க எங்கட கொட்டில் நிலமெல்லாம் குட்டிக் குட்டி வளையம், பிள்ளையள் கத்தின கத்து இப்பவும் காதில கேக்குது. ஊசித்துளைக் கமராவை எவ்வளவு காலம் கரும்பலகையில கீறிக் காட்டியிருப்பன், அண்டைக்கு தான் என்ர வகுப்புக்கு அது விளங்கினது.

ஸ்காபரோ புதுக்குடியிருப்பான்:
வாத்தியார் சொன்னது நூறு வீதம் சரி. இஞ்ச ரொறன்ரோவில ஒன்ராறியோ சயன்ஸ் சென்ரர் எண்டு 1969 இல திறந்த இடம் ஒண்டு இருந்தது, என்ர மகள் அங்க தான் மின்சார உருண்டையில கை வச்சு தலைமயிர் எல்லாம் நெட்டுக்கு நிக்க நிண்டவள், அண்டு தொடங்கின கேள்வி தான், இண்டைக்கு பொறியியல் படிக்கிறாள். 2024 ஜூன் மாசம் கூரை பாதுகாப்பில்லை எண்டு திடீரெண்டு பூட்டினாங்கள், சின்னவனை ஒருக்காக் கூட கூட்டிக்கொண்டு போகேல்லை நான், அடுத்த கிழமை அடுத்த கிழமை எண்டு இருந்திட்டன். அலுவல் இழுபட்டாலும் அந்த ஒரு நாளை விட்டிடாதேங்கோ அக்கா.

கிளிநொச்சி அம்மா:
எல்லாருக்கும் கனக்க நன்றி. பின்னேரம் தகரத்தில ஆணியடிச்சு காட்டினன், சின்னவள் சதுரமா ஒரு ஓட்டை போடுங்கோ அம்மா எண்டு நிண்டாள், போட்டுப் பாத்தால் அதுவும் வட்டமாத் தான் விழுது, அதுக்குப் பிறகு ஆளைக் கொட்டிலை விட்டு எழுப்ப ஏலாமல் போச்சு. கோளரங்கத்துக்கு மாமியும் வாறாவாம். வாத்தியார், மூத்தவன் கேக்கச் சொன்னவன், ஓட்டையைப் பெருப்பிச்சுக்கொண்டு போனால் எந்த அளவில வட்டம் சதுரமா மாறும்?