மார்கழி சீசனும் மராத்தான் பயிற்சியும்: எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

துக்கடா எழுதியது:

வணக்கம். இந்த டிசம்பரில் ஓர் இணைய இதழுக்குக் கர்நாடக சங்கீதக் கச்சேரி விமர்சனம் எழுத ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஜனவரி முதல் வாரம் சென்னை மராத்தானில் அரை மராத்தான் (21.1 கி.மீ.) ஓடவும் பெயர் கொடுத்தாகிவிட்டது. இரண்டில் எதையும் விட மனசில்லை.

மாலைக் கச்சேரி முடிய ஒன்பதரை ஆகிறது. அப்புறம் கேன்டீனில் ஓர் அடையோ ரவா தோசையோ. வீட்டுக்குப் போய் எழுதி அனுப்பும்போது பன்னிரண்டரை. நாலரைக்கு அலாரம் அடித்தால் கை தானாகப் போய் அணைத்துவிடுகிறது. நீண்ட ஓட்டத்துக்கு ஞாயிறுதான் தோது. நல்ல கச்சேரிகளும் ஞாயிறன்றுதான் குவிகின்றன. புதிதாகக் கல்யாணம் ஆனவன் வேறு. "நீங்க வீட்ல இருக்கிற நேரமெல்லாம் தூங்குறீங்க" என்று புகார் வந்துவிட்டது.

இந்தத் துறையில் இருந்துகொண்டே ஓடுகிறவர்கள் யாராவது உண்டா? எப்போது தூங்குகிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள்? ஓடும்போது காதில் பாட்டு உண்டா?

கீரைவடை எழுதியது:

சீசனில் நான் ஓடுவது ஒரே நேரத்தில்தான். பாடகர் முடித்து மிருதங்கத்தைப் பார்த்துத் தலையாட்டி, தனி (தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் பகுதி) தொடங்கியதும் கேன்டீனுக்கு. தூரம் குறைவு, வேகம் அதிகம்.

லஸ்முனை எழுதியது:

தம்பி, பத்திரிகைக்குச் சங்கீதம் எழுத வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஓட ஆரம்பித்தது நாற்பதுக்குப் பிறகு. என்னிடம் இருப்பது ஒரே யோசனைதான்: ஏழு மணிக் கச்சேரியை விடுங்கள். பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் பாடுகிறவர்களைக் கேட்கப் போங்கள்.

இது தூக்கத்துக்காக மட்டும் சொல்வதில்லை. ஏழு மணிக்குப் பாடுகிறவரைப் பற்றி மறுநாள் நாலு இடத்தில் வந்துவிடும். மதியம் பாடும் பிள்ளைகளைப் பற்றி எழுத ஆளில்லை. ஒன்றரை மணி நேரம்தான் அவர்களுக்கு. அதற்குள் வர்ணம், சின்னதாக ஒரு கிருதி, விஸ்தாரமாக ஒரு ராகம், நிரவல், ஸ்வரம், தனி எல்லாம் அடங்க வேண்டும். பெரும்பாலான சபாக்களில் மதியத்துக்கு டிக்கெட் கிடையாது. உள்ளே முப்பது பேர் இருந்தால் அதில் பாதி உறவுக்காரர்கள், மீதியில் பாதி ஏசிக்காக வந்தவர்கள். போன சீசனில் அப்படி ஒரு இரண்டு மணிக் கச்சேரியில், இருபத்திரண்டு வயது இருக்கும், ஒரு பையன் வராளி ராகம் எடுத்தான். அந்த ராகத்தின் மத்யமம் (‘ம’ ஸ்வரம்) பஞ்சமத்தை (‘ப’) உரசிக்கொண்டு நிற்க வேண்டும். கொஞ்சம் இறங்கினாலும் வேறு எதுவோ ஆகிவிடும். பையன் அதைப் பிடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், கண்ணைத் திறந்து வைத்தபடி நின்றான். வயலின்காரப் பெண் வில்லைத் தூக்கியவள் தூக்கியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். வராளியை குரு நேராகச் சொல்லித் தரக்கூடாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. இவன் யாரிடம் திருடினானோ! அந்த ஆலாபனையைப் பற்றி அச்சில் வந்தது என் நாலு வரி மட்டும்தான் என்று நினைக்கிறேன். ஓட்டம் இல்லையென்றால் அந்த நேரத்தில் நான் வீட்டில் குட்டித் தூக்கம் போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

சாப்பாடும் இதில் சரியாகிவிடும். பதினொன்றரைக்குக் கேன்டீனில் இலைச்சாப்பாடு. பாயசம் வரை வெளுத்துக் கட்டலாம், ஜீரணிக்கப் பகல் முழுக்க இருக்கிறது. இரவு ஒன்பதரைக்கு அடை அவியல் சாப்பிட்டுவிட்டுக் காலை ஐந்துக்கு ஓடினால், அத்தனை பருப்பும் எண்ணெயும் வயிற்றிலேயே உட்கார்ந்திருக்கும். நான் ஆறு மணிக்கு வீடு, ஏழுக்கு ரசம் சாதம், எட்டரைக்குள் எழுதி அனுப்பிவிட்டு ஒன்பதரைக்குப் படுக்கை. என் பெண் பிளஸ் டூ படித்த வருஷம் டிசம்பர் சாயங்காலம் பூராவும் நான் வீட்டில் இருந்தேன் என்பதை அவள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள், நல்ல விதமாகத்தான். வீட்டுக்காரருக்கு சங்கீதம் என்றால் இளையராஜா. ஏழு மணிக் கச்சேரி எனக்கு இல்லை என்றதில் அவருக்குத்தான் பெரிய நிம்மதி.

ஓட்டம் லஸ்ஸிலிருந்து கச்சேரி சாலை வழியாக சாந்தோம், கலங்கரை விளக்கம், அங்கிருந்து மெரினாவை ஒட்டி உழைப்பாளர் சிலை வரை போய்த் திரும்பல். மார்கழியில் சந்துகளுக்குள் ஒரு எச்சரிக்கை தேவை. அஞ்சு மணிக்கே வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். ஓரத்தில் ஓடினால் கோலத்தை மிதிப்பீர்கள், இல்லை ஈரத்தில் வழுக்குவீர்கள். நடுரோட்டில் ஓடுங்கள், அந்த நேரத்தில் பால் வண்டிதான் வரும். புறப்படும் முன் அரை டம்ளர் காபி. திரும்பி வரும் வழியில் பெருமாள் கோயிலில் தொன்னையில் வெண்பொங்கல் கொடுப்பார்கள். அரிசி, பாசிப்பருப்பு, நெய், மிளகு, உப்பு: ஓடி வந்த உடம்புக்கு இதற்கு மேல் எந்தப் பொடியும் வேண்டாம். கலங்கரை விளக்கத்துக்கிட்டே அருகம்புல் சாறு விற்பார்கள். நம்புகிறவர்கள் குடிக்கட்டும்.

காதில் பாட்டு கிடையவே கிடையாது. நாள் பூராவும் கேட்கிற காதுக்கு அந்த ஒரு மணி நேரமாவது லீவு வேண்டாமா? மூச்சுக்கு மட்டும் ஒரு தாளம் வைத்திருக்கிறேன். மூன்று அடிக்கு உள்ளே, இரண்டு அடிக்கு வெளியே: தகிட தக, அதாவது ஐந்து எண்ணிக்கையான கண்டம். ஐந்து ஒற்றைப்படை என்பதால் மூச்சு விட ஆரம்பிக்கும் கால் ஒவ்வொரு சுற்றிலும் மாறும். ஒரே பக்கம் அடி வாங்காது. மெதுவான ஓட்டத்துக்கு இது போதும். வேகம் கூட்டும்போது கண்டத்தை விட்டுவிட்டு இரண்டுக்கு இரண்டு.

பின்வரிசை எழுதியது:

லஸ்முனை அம்மா சொல்வது இருபது வருஷம் எழுதினவருக்குச் சரி. புதுசாக எழுத வருகிறவர் பெரிய கச்சேரிகளைக் கேட்காமல் எதை வைத்து அளப்பார்? ராகம் தானம் பல்லவி மாதிரி நீண்ட உருப்படிக்கு நேரம் கிடைப்பதே சாயங்காலத்தில்தான். மதியத்தில் பாடுகிறவர்கள் அவசர அவசரமாக முடிக்கிறார்கள், அது அவர்கள் தப்பில்லை. இன்னொன்று, ஆசிரியர் "பெரிய பெயர் யாரையாவது எழுது" என்பார். மதியத்தில் பாடிய பிள்ளைக்கு இணையத்தில் எத்தனை பேர் சொடுக்குவார்கள்? நான் ஓட்டக்காரன் இல்லை, நடப்பவன். என்னைக் கேட்டால் டிசம்பரில் கச்சேரி, பிப்ரவரியில் ஓட்டம்.

தகஜனு எழுதியது:

நான் மிருதங்கம். கீரைவடை சார், நீங்கள் எழுந்து போகும்போது உங்கள் முதுகைப் பார்த்துத்தான் நாங்கள் கோர்வை (தனியை முடிக்கும் தாளக் கணக்கு) வைக்கிறோம். பரவாயில்லை, எனக்கும் ஒரு வடை சொல்லி வையுங்கள்.

லஸ்முனை மேடம், எங்கள் வாத்தியார் கண்டத்துக்கு தக தகிட என்றுதான் சொல்லித் தந்தார். ஆனால் நானும் இன்று காலை தகிட தக என்று மூச்சு விட்டு ஓடிப் பார்த்தேன், நன்றாகவே வருகிறது. முதல் கிலோமீட்டரில் கவனம் முழுக்க எண்ணிக்கையில் போகும், அப்புறம் தானாக ஓடும். ஏழு எண்ணிக்கையான மிஸ்ரத்துக்குப் போகாதீர்கள், நாலுக்கு மூன்று மூச்சு முட்டுகிறது.

துக்கடாவுக்கு ஒன்று: மூன்று மணி நேரம் நாற்காலியில் மடங்கி உட்கார்ந்தால் தொடையின் முன்பக்கமும் இடுப்பும் இறுகிவிடும். நாங்கள் சம்மணமிட்டு உட்கார்ந்து வாசிப்பதால் எங்களுக்கும் அதே கதை. இரண்டு உருப்படிகளுக்கு நடுவில் பின்சுவரோரம் போய் நின்று கேளுங்கள். தனியில் எழுந்தால் மட்டும் பாவம்.

துக்கடா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியரிடம் பேசினேன். வாரத்துக்கு இரண்டு பெரிய கச்சேரி, மற்றதெல்லாம் மதியம் என்று ஒப்புக்கொண்டார். மனைவியும் மதியக் கச்சேரிக்கு வருகிறாளாம், கேன்டீன் இலைக்காக.

லஸ்முனை அக்கா, ஜனவரியில் திருவையாற்றில் நடக்கும் தியாகராஜர் ஆராதனைக்கும் போகச் சொல்கிறார்கள். அங்கே ஓட இடம் உண்டா? அப்புறம், கேட்கலாமா தெரியவில்லை, ஓட்டம் முடிந்து ஒரு பீர் குடித்தால் தப்பா?

லஸ்முனை எழுதியது:

பின்வரிசை சொன்னதில் நியாயம் இருக்கிறது. பல்லவிக்கு நானும் சாயங்காலம் போவதுண்டு. ஆனால் மறுநாள் காலை ஓடமாட்டேன், அல்லது நாலு கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்வேன். இரண்டு பெரிய கச்சேரி என்றால் திங்கள், வியாழன் மாதிரிப் பார்த்து எடுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வேண்டாம், ஞாயிறு நீண்ட ஓட்டம் போய்விடும். சொடுக்கு கணக்கு எனக்குத் தெரியாது. அந்த வராளிப் பையன் பெரிய மேடைக்கு வருகிற அன்று முதலில் எழுதியது யார் என்று தேடுவார்கள்.

பீர்: முந்தின இரவு கூடாது, தூக்கமும் கெடும், தண்ணீரும் உடம்பில் நிற்காது. பந்தயம் முடிந்த அன்று சாயங்காலம், வேண்டிய தண்ணீரும் மோரும் குடித்து ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகு, நானும் வீட்டுக்காரரும் ஆளுக்கு ஒன்று குடிப்போம். மயிலாப்பூர் மாமிகள் யாராவது இதைப் படித்தால் அது இளநீர்.

திருவையாற்றில் ஓட இடமா! தஞ்சாவூரிலிருந்தே ஓடிப் போகலாம். 13 கிலோமீட்டர் வரும். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைப் பாலம் பாலமாகத் தாண்டிக்கொண்டு போவீர்கள். தூரத்தைக் கடிகாரத்தில் பார்க்கவே வேண்டாம், எந்தப் பாலம் என்று பார்த்தால் போதும். வழியெல்லாம் வயல், ஜனவரியில் கதிர் முற்றி நிற்கும். பனி இருந்தால் எதிரே வரும் பஸ் கிட்டே வரும் வரை தெரியாது, அதனால் வலது ஓரமாக, பளிச்சென்ற சட்டையில் ஓடுங்கள். சாலை அகலம் போதாத இடங்களில் இறங்கி நடந்துவிடுங்கள்.

தியாகராஜரின் ஐந்து பஞ்சரத்ன கிருதிகளை எல்லோரும் சேர்ந்து பாடுவது காலை ஒன்பது மணிவாக்கில் தொடங்கும். ஐந்தரைக்குக் கிளம்பினால் மெதுவாக ஓடினாலும் ஏழு மணி சுமாருக்குக் காவிரி. மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28 வரை திறந்திருக்கும் என்பதால் படித்துறையில் குளிக்கத் தண்ணீர் இருக்கும். பையில் வேட்டி துண்டு கொண்டு போங்கள், வியர்வைச் சட்டையோடு பாடகர்கள் நடுவில் உட்காராதீர்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ: ஐந்தும் முடிந்து வெளியே வந்ததும் அசோகா அல்வா சாப்பிடுங்கள். பாசிப்பருப்பும் நெய்யும் சூடாக, விரலில் ஒட்டாமல் வழுக்கும். ஒரு கப் உங்களுக்கு, அரைக் கிலோ வீட்டுக்கு.

தியாகராஜர் திதியை ஒட்டி வருவதால் ஆராதனைத் தேதி வருஷா வருஷம் மாறும், பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் திருவையாற்றில் அறை கிடைப்பது கஷ்டம், தஞ்சாவூரிலேயே போடுங்கள். ஓட்டத்துக்கு முந்தின இரவு ரயிலில் போகாதீர்கள், ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். உழவன் எக்ஸ்பிரஸுக்கு இன்றைக்கே பாருங்கள், மனைவிக்குக் கீழ் பெர்த்.