வேலூர் சத்துவாச்சாரி மழைத்தண்ணி: மேப்புல பிடிக்க முடியுமா?

கேள்வி:
ஒரு மணி நேர மழைக்கே எங்க தெருவுல முழங்கால் தண்ணி. மூணு வருஷமா எந்த வாசல்ல எவ்வளவு நின்னுச்சுன்னு பால் கணக்கு நோட்டுலயே எழுதி வச்சிருக்கேன், 43 பதிவு. கியூஜிஐஎஸ்ங்கிற மேப் சாஃப்ட்வேர்ல ஏத்தி, எஸ்ஆர்டிஎம்ங்கிற நில உயரத் தரவு மேல போட்டா, தெரு மொத்தமும் ஏழே கட்டம். சரிவு எந்தப் பக்கம்னே புரியல.

பதில் 1:
அந்த உயரத் தரவு 2000ல விண்கல ரேடார் எடுத்தது சார், ஒரு கட்டம் 30 மீட்டர். மாடி வீடும் மேடாத்தான் விழும். மலையிலிருந்து இறங்குற பெரிய ஓட்டத்துக்கு ஆகும், தெருவுக்கு ஆகாது.

பதில் 2:
கொத்தனார்கிட்ட டியூப் லெவல் (மட்டம் பார்க்கிற தண்ணி டியூப்) வாங்கி ஒவ்வொரு வாசப்படியா பிடிங்க. அந்த அளவை மேப்புல ஏத்துங்க.

கேட்டவர்:
பிடிச்சேன். புது சிமெண்ட் ரோடு எங்க வாசலைவிட ஒரு ஜாண் உசரம். சிறுபாலத்து வாயில பழைய மெத்தை ஒண்ணு அடைச்சுக் கெடக்கு. அதை எந்த சாட்டிலைட்டு காட்டும்!