"பிங்ஃபான்": மறுவாழ்வு பொருந்தவில்லை, வேறு சொல் வேண்டும்

ச. எழுதியது:

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம்.

முதுகலை மாணவர்க்கான கிழக்காசிய வரலாற்று நூலின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை பக்க அமைப்புக்குப் போகிறது. ஒரு சொல்தான் முரண்டு பிடிக்கிறது. 1980 பிப்ரவரியில் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு முன்னாள் குடியரசுத் தலைவர் லியூ ஷாவ்சிமீது சுமத்திய குற்றங்கள் பொய் என்று அறிவித்தது. சீனத்தில் இதற்குப் பிங்ஃபான் என்று பெயர். ஆங்கிலத்தில் ரீஹேபிலிடேஷன். அதைப் பார்த்து நம் கைப்படியில் "மறுவாழ்வு" என்று போட்டிருக்கிறார்கள். லியூ 1969 நவம்பரிலேயே கைஃபெங்கில் காவலில் இறந்துவிட்டார். செத்துப் பத்தாண்டு ஆனவருக்கு என்ன மறுவாழ்வு? தவிர, இங்கே மறுவாழ்வு என்றாலே குடிநோயாளிகள் மையம்தான் நினைவுக்கு வரும்.

பெயராகவும் வினையாகவும் வரவேண்டும். "மறுக்கப்பட்டது", "கோரினர்" இரண்டோடும் சேரவேண்டும். பொருளடைவில் ஒரே சொல்லாக நிற்கவேண்டும். புதன் இரவுக்குள் சொன்னால் உதவி.

கு. எழுதியது:

மறுவாழ்வு வேண்டாம் என்பதற்காகப் "புனர்வாழ்வு" பக்கம் போய்விடாதீர்கள். இலங்கையில் 2009க்குப் பிறகு முன்னாள் போராளிகளை அடைத்துவைத்த முகாம்களுக்கு அரசு வைத்த பெயர் அது. எங்கட பக்கத்து மாணவன் "லியூவுக்குப் புனர்வாழ்வு அளிக்கப்பட்டது" என்று வாசித்தால், ஆளைத் தடுப்பில் போட்டார்கள் என்றுதான் விளங்குவான். பொருள் தலைகீழாகப் போகும்.

இரா. எழுதியது:

நண்பர்களே, ஆங்கிலத்தை விட்டுச் சீனச் சொல்லைப் பாருங்கள். பிங் என்றால் சமன், மட்டம். ஃபான் என்றால் புரட்டல். தவறாகச் சாய்ந்த வழக்கைப் புரட்டி மட்டம் செய்வது. இது கட்சிக்காரர்கள் கண்டுபிடித்த சொல்லே அல்ல. ஹான் காலத்து வரலாற்றில் சூன் புயி என்ற அதிகாரி வருகிறார். அவர் ஊர் ஊராகக் கைதிகளின் வழக்குகளைப் பார்வையிட்டுத் திரும்பும்போதெல்லாம், எத்தனை வழக்கைப் பிங்ஃபான் செய்தாய், எத்தனை உயிர் பிழைத்தது என்று தாய் கேட்பாளாம்.

நம்மிடம் இதற்கு நேர்ச்சொல் இருக்கிறது. பாண்டியன் வளைந்த கோலைத் தன் உயிரால் நிமிர்த்தினான் என்று செங்குட்டுவன் சொல்லும் சிலப்பதிகாரக் காட்சிக் காதையை நினையுங்கள். வளைந்தது நிமிர்வதுதான் பிங். ஆகவே "தீர்ப்பு நிமிர்வு". நேர், நெறி, நிமிர் மூன்றும் ஒரே வேர் என்பது என் துணிபு. நீட்டல் கருத்திலிருந்து நேர்மைக் கருத்து கிளைக்கும். நீளம், நெடுமை, நெட்டை எல்லாவற்றையும் இதே வரிசையில் வைக்கலாம். விரிவாகத் தனிமடலில் எழுதுகிறேன்.

மெ. எழுதியது:

இரா. ஐயா, தனிமடல் வேண்டாம், இங்கேயே எழுதுங்கள். நிமிரில் உள்ள மகரம் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்து.

சொல்லாக்கத்துக்கு வருவோம். நிமிர்வு தன்வினை. தீர்ப்பு தானாக நிமிராது. யாரோ நிமிர்த்த வேண்டும். அந்த "யாரோ" யார் என்பதுதான் இந்த வரலாற்றின் சாரமே. 1977 டிசம்பரில் கட்சியின் அமைப்புத் துறைக்குத் தலைவராக ஹூ யாவ்பாங் வந்த பிறகுதான் தேங்கிக் கிடந்த கோப்புகள் நகர்ந்தன. பழி போட்டதும் கட்சி, எடுத்ததும் கட்சி. நீதிமன்றம் பெரும்பாலும் ஓரமாக நின்றது. லியூமேல் 1968இல் போட்ட மூன்று பட்டங்களில் எதுவும் நீதிமன்றத் தீர்ப்பு அல்ல: துரோகி, உள்ளொற்றன், கருங்காலி. (மூன்றாவதுக்குச் சீனச் சொல் "தொழிலாளர் கள்வன்". நம் தொழிற்சங்க மேடைச் சொல் அப்படியே பொருந்துகிறது. கைப்படியில் "வேலைநிறுத்தத் துரோகி" என்று இருந்தால் மாற்றிவிடுங்கள்.) தீர்ப்பே இல்லாத இடத்தில் "தீர்ப்பு நிமிர்வு" எப்படி?

பிறவினையாக்கி "நிமிர்த்தம்" என்றால் அச்சுக்கோப்பவர் "நிமித்தம்" என்று திருத்திவிடுவார். என் முன்மொழிவு: பழிநீக்கம்.

ப. எழுதியது:

பிங்ஃபான் என்றே எழுதிவிட்டுப் போனால் என்ன? போல்ஷெவிக்கை மொழிபெயர்த்தோமா?

மெ. எழுதியது:

எழுதலாம், மின்விசிறி வகை என்று நினைக்காமல் இருந்தால்.

ச. எழுதியது:

பழிநீக்கத்தைக் கைப்படியில் போட்டுப் பார்த்தேன். "1968 அக்டோபரில் கட்சிநீக்கம் செய்யப்பட்ட லியூ 1980இல் பழிநீக்கம் பெற்றார்" என்ற வரியில் இரண்டு நீக்கமும் மோதுகின்றன. "கட்சியிலிருந்து வெளியேற்றப்பட்ட" என்று முன்னதை மாற்றிச் சமாளிக்கலாம். "பழிமீட்பு" என்று ஒருவர் தனியே எழுதினார். அது பழிவாங்கல்போல ஒலிக்கிறது.

இன்னொரு சிக்கல். கட்சியை விமர்சித்தவர்களைக் குறிவைத்த 1957 வலதுசாரி எதிர்ப்பு இயக்கத்தில் ஏறத்தாழ 5,50,000 பேருக்கு "வலதுசாரி" என்று பட்டம் சூட்டினார்கள். அவர்களுக்கும் இதே சொல்லா?

மெ. எழுதியது:

கூடவே கூடாது. அவர்களுக்குக் கட்சி பிங்ஃபான் என்ற சொல்லையே தரவில்லை. 1978 முதல் நடந்ததற்குப் பெயர் காய்ஜெங், அதாவது "திருத்தம்". பிங்ஃபான் என்றால் இயக்கமே தவறு என்றாகிவிடும். இயக்கம் சரி, அளவுதான் மீறிப்போயிற்று என்பது அன்றைய நிலைப்பாடு. அதை மெய்ப்பிக்கவே சிலரைத் திருத்தாமல் விட்டுவைத்தார்கள். ஜாங் போஜூன், லுவோ லுங்ஜி, சூ ஆன்பிங் ஆகியோர் அந்தச் சிலரில் உண்டு. ஆங்கில மூலம் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்திருந்தால் அது மூலத்தின் குறை. தமிழில் பிரித்தே எழுதுங்கள்.

மூன்றாவது ஒன்றும் உண்டு: ஜாய்மாவ், தொப்பி கழற்றல், அதாவது சூட்டிய பட்டத்தை எடுத்துவிடுவது. 1959 முதல் சிலருக்குத் தொப்பி கழற்றினார்கள். ஆனால் "தொப்பி கழற்றிய வலதுசாரி" என்பதே புதுப் பட்டமாக ஒட்டிக்கொண்டது. இதை "முத்திரை நீக்கம்" என்று தமிழ்ப்படுத்த ஆசை வரும், வேண்டாம். கண்டனக் கூட்டங்களில் காகிதத் தொப்பியை மெய்யாகவே தலையில் கவிழ்த்தார்கள், அந்தப் படம் அழியக்கூடாது. "குல்லா" மட்டும் போடாதீர்கள், குல்லா போடுவது நம் ஊரில் வேறு கலை.

ஒருவருக்கே தவணை முறையிலும் வரும். 1955இல் சிக்கிய எழுத்தாளர் ஹூ ஃபெங்குக்கு 1980இல் தொடங்கிய பழிநீக்கம் 1988இல்தான் முழுமை பெற்றது. அவர் 1985இலேயே இறந்துவிட்டார். ஆகவே "பகுதிப் பழிநீக்கம்" என்றும் எழுத இடம் கொடுக்கும் சொல்லாக இருக்கவேண்டும். "பகுதி நிமிர்வு" என்றால் கூன் என்று பொருள்படும்.

வே. எழுதியது:

நூலில் தைவானும் ஜப்பானும் வருகின்றன அல்லவா? அங்கே ஒரே சொல்லை இழுக்காதீர்கள்.

தைவானில் இருந்தவை அரசியல் கைதிகள்மீதான ராணுவ நீதிமன்றத் தீர்ப்புகள். 1987இல் ராணுவச் சட்டம் நீங்கியபோதே, தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு மேல்முறையீட்டுக் கதவைச் சாத்திவிட்டது. 1998 சட்டம் பணம் கொடுத்தது, தீர்ப்பைத் தொடவில்லை. 2017 டிசம்பரில் வந்த சட்டம்தான் தீர்ப்பையே துடைத்தது. 2018 அக்டோபரில் முதல் பட்டியலில் 1,270 பேர். இது நேராகத் "தீர்ப்பு ரத்து". இரா. ஐயாவின் நிமிர்வு எங்காவது பொருந்துமென்றால் இங்கேதான்.

ஜப்பான் இதற்கு நேர்மாறு. 1911 ஜனவரியில் பேரரசத் துரோக வழக்கில் (பேரரசரைக் கொல்லச் சதி என்ற குற்றச்சாட்டு) அராஜகவாதி கொதோக்கு ஷூசுய் உள்ளிட்ட 12 பேரைத் தூக்கிலிட்டார்கள். மறுவிசாரணை மனுவைத் தோக்கியோ உயர் நீதிமன்றம் 1965இல் தள்ளியது. உச்ச நீதிமன்றம் 1967இல் கதவை மூடியது. அந்தத் தீர்ப்பு இன்றும் நிற்கிறது. ஆனால் கொதோக்கு பிறந்த நாக்கமுரா நகரமன்றம் 2000இல் அவரைப் போற்றித் தீர்மானம் போட்டது. அதே வழக்கில் சிக்கிச் சிறையில் இறந்த துறவி தக்காகி கென்ம்யோவைத் துறவு நீக்கிய ஓத்தானி பௌத்தப் பிரிவு, 1996இல் அந்தத் தண்டனையைத் திரும்பப் பெற்றது. இதை ஜப்பானியத்தில் மெய்யோ காய்ஃபுக்கு என்பார்கள். "நற்பெயர் மீட்பு" போதும். பழி போட்ட அரசு பழியை நீக்கவே இல்லையே.

இரா. எழுதியது:

பெரும்பான்மை அப்பக்கம் சாய்கிறது, தெரிகிறது. என் மறுப்பு பதிவாகட்டும். "நீக்கம்" நம் அலுவலகங்களைப் பிடித்த நோய்: பதவிநீக்கம், பணிநீக்கம், பெயர்நீக்கம். ஓர் அழகிய சொல் கையில் இருக்க, இதை ஏன் எடுக்கிறோம்? மகரத்துக்கு விடை பிறகு.

ச. எழுதியது:

பதிவு செய்தாயிற்று ஐயா. நூலில் இப்படிப் போகிறது: பிங்ஃபான், பழிநீக்கம் (முதல் இடத்தில் மட்டும் ஒலிபெயர்ப்பு சேர்த்து), காய்ஜெங், திருத்தம், ஜாய்மாவ், தொப்பி கழற்றல், தைவானுக்குத் தீர்ப்பு ரத்து, ஜப்பானுக்கு நற்பெயர் மீட்பு. "பழிநீக்கம்" சேர்த்தெழுதப்படும். "பழி நீக்கப்பட்டார்" என்று வினையாகும்போது பிரியும்.

கு. எழுதியது:

ஒரு கேள்வி மிச்சம். ஹாங்காங்கில் 1989 ஜூன் 4 தியானன்மென் படுகொலைக்கு நினைவேந்தல் நடத்திய கூட்டணியின் ஐந்து முழக்கங்களில் ஒன்று "89 மக்களாட்சி இயக்கத்துக்குப் பிங்ஃபான்". பின்வந்த இளையவர்கள் சிலர் அந்தச் சொல்லையே மறுத்தார்கள்: கொன்றவனிடம் போய்ப் பழி நீக்கித் தா என்று கேட்பதா, அவனுக்கு அந்த அதிகாரத்தை யார் கொடுத்தது என்று. கூட்டணியும் 2021இல் கலைந்துவிட்டது. அந்த அத்தியாயத்தில் "பழிநீக்கம் கோரினர்" என்று போட்டால் இளையவர்களின் மறுப்பு தமிழில் புரியுமா?

மெ. எழுதியது:

"கோரினர்" என்ற சொல்லிலேயே கொஞ்சம் புரியும். முழுதாகப் புரிய அடிக்குறிப்பு வேண்டும்.

ச. எழுதியது:

அடிக்குறிப்புக்கு இரண்டு வரிதான் இடம் இருக்கிறது. யாராவது நாளை மதியத்துக்குள் எழுதித் தாருங்கள்.